மயக்கம் தெளிகிற நேரத்தில் மறுபடியும் தூக்க மருந்து எதற்கு?

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். போன வருடம் என் கணவருக்கு (36 வயது) மூக்குத்தண்டு வளைவுக்கு ஆபரேஷன் நடந்தது. தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவந்ததும் அவர் திமிறிய திமிறலைப் பார்த்து நான் நடுங்கிவிட்டேன். கையில் இருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தார், நர்ஸைத் தள்ளிவிட்டார், நான்கு பேர் பிடித்தும் அடங்கவில்லை. கால் மணி நேரத்தில் தானாகவே அடங்கித் தூங்கிவிட்டார். விழித்த பிறகு கேட்டால் எதுவுமே ஞாபகமில்லை என்றார். 'மயக்க மருந்து தலைக்கு ஏறிவிட்டது' என்று வீட்டில் இன்றுவரை பேச்சு. இப்போது என் ஐந்து வயது மகனுக்குப் புதுச்சேரியில் டான்சில், அடினாய்டு ஆபரேஷன். மயக்க டாக்டரிடம் கணவருக்கு நடந்ததைச் சொன்னேன். 'அமைதியாகக் கண் விழிக்க ஒரு மருந்து சேர்த்துக் கொடுக்கலாம்' என்றார். அதுவும் தூக்க மருந்துதானாம். எழுப்ப வேண்டிய நேரத்தில் எதற்குத் தூக்க மருந்து? குழந்தை எழாமலே போய்விட்டால்? மூளைக்கு ஏதாவது ஆகுமா? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? 74 வயது மாமனாருக்கும் குடலிறக்க ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்கும் இதே மருந்தைக் கேட்க வேண்டுமா?

மயக்கவியல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

கணவருக்கு நடந்ததை டாக்டரிடம் சொன்னீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 'வேற ஆஸ்பத்திரியில் நடந்ததை இங்கே எதுக்குச் சொல்லணும்' என்று மறைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கட்டாயம் போடுங்கள் என்றும் சொல்லாதீர்கள். அந்த முடிவைத் தியேட்டருக்குள் பையனைப் பார்த்துக்கொண்டே அவர் எடுக்கட்டும். ஆனால் சரியாக முடிவெடுக்க அவருக்குத் தேவைப்படுகிற சில விவரங்கள் உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவர். மயக்கம் ஒரே வீச்சில் தெளிவதில்லை. மூச்சு சீராகும், கை கால் அசையும், குரல் வரும். நான் யார், இது எந்த இடம், என்ன நடந்தது என்கிற புத்தி கடைசியாகத்தான் வரும். பெரும்பாலானவர்கள் இந்த இடைவெளியைச் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் உடம்பு முழுப் பலத்தோடு எழுந்துவிடும், புத்தி இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அந்த நேரத்தில் எதாவது ஒன்று உறுத்தினால் போதும், உடம்பு சண்டைக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் நாங்கள் இதை எமர்ஜென்ஸ் டெலிரியம் என்போம்.

உங்கள் கணவருக்கு உறுத்தியது என்ன என்று ஊகிப்பது கஷ்டமில்லை. மூக்குத்தண்டு ஆபரேஷன் முடிந்ததும் ரத்தம் கசியாமல் இருக்க மூக்கின் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிடுவது வழக்கம். அரைகுறையாக விழித்தவர் மூக்கால் மூச்சை இழுக்கிறார், வரவில்லை. வாயால் இழுக்கலாம் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. யாரோ கழுத்தை நெரிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அந்த நிலையில் நான்கு பேர் சேர்ந்து கையையும் காலையும் அமுக்கினால் என்ன ஆகும்? நீங்கள் பார்த்ததுதான் ஆகும். 1961-லேயே அமெரிக்காவில் எக்கன்ஹாஃப் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காது மூக்கு தொண்டை ஆபரேஷன்களுக்குப் பிறகு இந்தத் திமிறல் அதிகம் என்பதும், மூச்சு முட்டுகிற உணர்வு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதும் அப்போதே சொல்லப்பட்டுவிட்டது. இளம் வயது ஆண், புகைப்பழக்கம், சரியாக அடங்காத வலி, சிறுநீர்க் குழாய், வேகமாகத் தெளியவைக்கிற செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் போன்ற வாயு மருந்துகள் என்று இதைக் கூட்டுகிற காரணங்கள் இன்னும் பல. தலைக்கு ஏறியது, பைத்தியம், பலவீனம் என்ற பேச்சுக்கெல்லாம் இதில் இடமே இல்லை. வீட்டில் யாராவது இனியும் கேலி செய்தால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

அப்பாவுக்கு வந்ததால் மகனுக்கும் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் மகனுக்கு வர அவனுடைய வயதே போதுமான காரணம். இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குத்தான் இது அதிகம். அதிலும் தொண்டை, காது, கண் ஆபரேஷன் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். 1990-களில் செவோஃப்ளூரேன் பரவலான பிறகு இதை அதிகமாகப் பார்க்க ஆரம்பித்தோம். அந்த வாயு நெடி இல்லாதது, மாஸ்க் வைத்தால் குழந்தை இருமாமல் தூங்கிவிடும், சீக்கிரம் வெளியேறியும் விடும். இவ்வளவு நல்ல குணங்கள் இருப்பதால்தான் குழந்தைகளுக்கு அதை விட முடியவில்லை.

ரெக்கவரி அறையில் அது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கண் திறந்திருக்கும், ஆனால் உங்களைப் பார்க்காது. 'அம்மா அம்மா' என்று கத்துவான். 'இதோ இருக்கேன்டா' என்று நீங்கள் குனிந்தால் உங்களையே தள்ளிவிட்டு மறுபடி 'அம்மா' என்பான். முதுகை வில்லாக வளைப்பான், விரலில் மாட்டிய கிளிப்பை உதறுவான், ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்குவான். பகல் தூக்கத்தில் பாதியில் எழுப்பிவிட்ட குழந்தை எதைக் கொடுத்தாலும் தட்டிவிட்டு அழுமே, அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம், சில சமயம் அரை மணி நேரம். பிறகு தானே அடங்கித் தூங்கி, இரண்டாவது தடவை விழிக்கும்போது ஐஸ்கிரீம் கேட்பான். நடந்தது அவனுக்கு நினைவிருக்காது. உங்களுக்குத்தான் இருக்கும்.

வலியால் அழுகிற குழந்தைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வலிக்கிற குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்து அழும், தொண்டையைக் காட்டும், மடியில் ஏறும். புத்தி தெளியாத குழந்தையின் பார்வை எங்கேயோ இருக்கும், கை காலின் அசைவில் நோக்கம் இருக்காது, சுற்றி இருப்பது எதுவும் அதற்குப் புரியாது. 2004-ல் இதற்காக உருவாக்கிய ஒரு மதிப்பெண் அளவுகோலில் கேட்கப்படுவதும் ஏறக்குறைய இவைதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்காக மயக்கம் கொடுத்த குழந்தைகளிடமும் இது வருகிறது. அங்கே கத்தியும் இல்லை, தையலும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் வலி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே சமயம் வலியைச் சரியாகக் கட்டுப்படுத்தாமல் தூக்க மருந்தை மட்டும் போடுவதும் தப்பு.

சரி, எழுப்புகிற நேரத்தில் எதற்குத் தூக்க மருந்து என்ற உங்கள் கேள்விக்கு வருவோம். நோக்கம் அவனை இன்னும் ஆழமாகத் தூங்க வைப்பது அல்ல. உடம்புக்கும் புத்திக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை அவன் தூங்கிக்கொண்டே கடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு இப்போது அதிகம் பயன்படுவது டெக்ஸ்மெடிடோமிடின். நாங்கள் சுருக்கமாக டெக்ஸ் என்போம். 1999-ல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை அமைதியாக வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட மருந்து. மூளைத்தண்டில் நம்மை விழிப்போடு வைத்திருக்கிற ஒரு சிறு பகுதியை இது அமைதிப்படுத்துகிறது. வருகிற தூக்கம் இயல்பான தூக்கத்தை ஒத்திருக்கும். கூப்பிட்டால் கண் திறப்பார்கள், விட்டால் மறுபடி தூங்குவார்கள். எங்களுக்கு முக்கியமானது, மூச்சை இது பெரிதாகக் குறைப்பதில்லை. வலியையும் கொஞ்சம் குறைக்கும். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்பதால் ஆபரேஷன் நடக்கும்போதே, ஏறக்குறைய பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றுவோம். கண் விழிக்கக் கொஞ்சம் தாமதமாகும். பக்கத்துக் கட்டில் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டதே, நம் பையன் இன்னும் தூங்குகிறானே என்று கலங்க வேண்டாம்.

இன்னொன்று புரோபோஃபால், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். வாயுவை நிறுத்தியதும் சின்ன அளவில் இதைக் கொடுத்தால் சில நிமிடம் கூடத் தூங்குவான், அதற்குள் வாயு உடம்பை விட்டு வெளியேறிவிடும். விளைவு சீக்கிரமே போய்விடுவதுதான் இதன் பலம். வேகமாகக் கொடுத்தால் மூச்சு நின்றுபோகலாம் என்பதால் மயக்க டாக்டர் பக்கத்தில் இல்லாமல் யாரும் இதைத் தொடக் கூடாது. தேவைப்பட்டால் வாயுவை முழுக்கத் தவிர்த்து, ஆபரேஷன் முழுவதையும் புரோபோஃபால் டிரிப்பிலேயே நடத்துகிற வழியும் உண்டு. அதிலும் திமிறல் குறைவு.

தியேட்டருக்குப் போவதற்கு முன் குடிக்கக் கொடுப்பார்களே, அது பெரும்பாலும் மிடாசோலம். அம்மாவை விட்டுப் பிரிகிற பயத்தை அது நன்றாகக் குறைக்கும். தெளிகிற நேரத்துக்கும் உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோல் சொல்லவில்லை. ஆனால் அழுது மிரண்டு உள்ளே போகிற குழந்தை பெரும்பாலும் மிரண்டுதான் திரும்பி வரும். அம்மாவின் பயமும் குழந்தைக்குத் தொற்றும். 'ஊசி போட மாட்டாங்க' என்று பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். 'மாஸ்க் வைப்பாங்க, தூங்கிடுவ, முழிச்சா தொண்டை வலிக்கும், நான் வெளியிலேயே இருப்பேன்' என்று உள்ளதைச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

எழாமலே போய்விட்டால் என்கிற பயம் நியாயமானது, கேட்காத தாய் இல்லை. இந்த மருந்துகளின் அளவு குழந்தையின் எடையைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. ஆக்சிஜன் அளவு, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாவற்றையும் கருவி காட்டிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஆள் இருப்பார்கள். மருந்து உடைந்து வெளியேறியதும் அவன் விழிப்பான். மூளை பற்றிக் கேட்டீர்கள். 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அது மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது திரும்பத் திரும்ப மயக்கம் கொடுப்பதைப் பற்றியது. கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரே ஒரு முறை மயக்கம் கொடுத்து ஐந்து வயது வரை தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய சர்வதேச ஆய்வில் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் பையனுக்கு வயது ஐந்து, இது ஒரு முறை நடக்கிற சின்ன ஆபரேஷன். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. திமிறுகிற நோயாளியைப் பார்த்ததும் 'ஒரு ஊசி போட்டு அடக்குங்க' என்று சொந்தக்காரர்கள் சத்தம் போடுவார்கள். ஆனால் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் ஏன் திமிறுகிறான் என்று பார்த்தாக வேண்டும். ஆக்சிஜன் குறைந்தாலும் திமிறுவார்கள், சர்க்கரை இறங்கினாலும், சிறுநீர்ப்பை நிரம்பினாலும் திமிறுவார்கள். டான்சில் ஆபரேஷனுக்கு இதில் தனியாக ஒரு சங்கதி உண்டு. அமைதியில்லாமல் புரள்கிற குழந்தை அடிக்கடி எச்சிலை விழுங்குவதுபோல் விழுங்கிக்கொண்டே இருக்கிறது, நாடி வேகமாக ஓடுகிறது என்றால், தொண்டையில் ரத்தம் கசிந்து அதை அது விழுங்குகிறதோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். வாயில் ஒரு துளிகூடத் தெரியாது. அந்தக் குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்து அமைதியாக்கினால் ஆபத்தை மூடி வைத்ததாகிவிடும். டான்சில் குழந்தைகளை நர்ஸ் ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பதும் இதற்காகத்தான். வார்டுக்கு வந்த பிறகும், வீட்டுக்குப் போன பிறகும் தூக்கத்தில் அவன் அடிக்கடி விழுங்குகிறானா என்று நீங்களும் பாருங்கள். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது உங்களிடம் மட்டும் இருக்கிற விவரங்கள். பையன் ராத்திரி குறட்டை விடுகிறானா? குறட்டை நடுவில் நின்று, சில நொடி மூச்சே இல்லாமல், பிறகு திணறி இழுக்கிறானா? அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தூக்க மருந்தும் வலி மருந்தும் மற்றவர்களை விட அதிகமாக வேலை செய்யும். அளவைக் குறைப்போம், ஒரு ராத்திரி கண்காணிப்பில் வைப்போம். இதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முடிந்தால் அவன் தூங்குவதைப் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். அதை விட நல்ல ரிப்போர்ட் எங்களுக்குக் கிடைக்காது. இரண்டு வாரத்துக்குள் சளி, காய்ச்சல், இருமல் வந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. ஐந்து வயது என்பதால் ஆடுகிற பல் இருந்தால் அதைக் காட்டுங்கள். மூச்சுக்காக வாய் வழியே குழாய் போடும்போது அது விழுந்து உள்ளே போய்விடக் கூடாது. ரத்த சம்பந்தத்தில் யாருக்காவது மயக்கம் தெளியப் பல மணி நேரம் ஆகியிருந்தாலும், ஆபரேஷன் நடுவில் உடம்பு அனலாகக் கொதித்திருந்தாலும் அது உங்கள் கணவரின் கதையை விட முக்கியமான செய்தி.

கடலூரிலிருந்து விடிகாலையில் கிளம்புவீர்கள். பையன் பசிக்குது என்று சிணுங்குவான், 'ஒரு வாய் பால், ரெண்டு பொறை, என்ன ஆயிடும்' என்று பாட்டி பரிந்து பேசுவார். பால் எங்கள் கணக்கில் சாப்பாடுதான், ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை கொடுக்கலாம் என்பது பொது விதி; உங்கள் ஆஸ்பத்திரியில் சொன்ன நேரம் எதுவோ அதன்படி செய்யுங்கள். கன்னியக்கோயில் தாண்டும்போது யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக் கூட்டி வருகிறவர்கள் உண்டு. மயக்கத்தில் அது வாந்தியாக வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கொடுத்துவிட்டால் கொடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள், நாங்கள் திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரெக்கவரிக்குள் உங்களை விட்டால், பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள், கன்னத்தைத் தட்டாதீர்கள், 'கண்ணைத் தொற, என்னைப் பாரு' என்று உலுக்காதீர்கள். தானாக விழிக்கட்டும். விழித்துத் திமிறினால் அடிபடாமல் அணைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். ஊசிக் கையை நர்ஸ் பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு வாரம் கெட்ட கனவு கண்டு எழுவது, படுக்கையை நனைப்பது, உங்கள் சேலையை விடாமல் சுற்றுவது எல்லாம் சில குழந்தைகளிடம் இருக்கும். அதட்ட வேண்டாம், தானே போய்விடும். கோடீன் கலந்த இருமல் மருந்து வீட்டில் இருந்தால் வலிக்கென்று அதைக் கொடுத்துவிடாதீர்கள். டான்சில் எடுத்த குழந்தைகளுக்குக் கோடீனால் மூச்சு அடங்கிய சம்பவங்கள் நடந்ததால் 2013-லிருந்து அதற்குக் கடும் எச்சரிக்கை இருக்கிறது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. பழைய ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு மயக்க மருந்துக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். இன்னொரு முறை ஆபரேஷன் என்றால் அதுதான் முதலில் நீட்ட வேண்டிய காகிதம். மறுபடியும் மூக்கு ஆபரேஷனே வந்தால், ஒரு வாரம் முன்பிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு வாயால் மூச்சுவிட்டுப் பழகச் சொல்லுங்கள். செலவில்லாத வைத்தியம்.

மாமனாருக்கு இதே மருந்தைக் கேட்காதீர்கள். அவர் விஷயமே வேறு. 74 வயதில் பிரச்சினை தெளிகிற பத்து நிமிடத்தில் இருப்பதில்லை. அன்று ராத்திரியோ, இரண்டாம் நாளோ, மூன்றாம் நாளோ 'இது யார் வீடு, என்னை ஏன் கட்டிப்போட்டிருக்கீங்க' என்று ஆரம்பிக்கும். வயதானவர்களுக்கு மிடாசோலம் வகை மருந்துகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டலாம் என்பதால் முடிந்தவரை தவிர்ப்போம். குடலிறக்கத்துக்கு முதுகில் ஊசி போட்டே பெரும்பாலும் முடித்துவிடலாம், அதைப் பற்றிக் கேளுங்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் எல்லாவற்றையும் பத்திரம் என்று வீட்டில் பூட்டி வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வாருங்கள். வார்டுக்கு வந்ததும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ராத்திரி தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். குழப்பம் வந்துவிட்டால் வயசானா அப்படித்தான் என்று விடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். சிறுநீர் அடைப்பு, கிருமித் தொற்று, ஆக்சிஜன் குறைவு, ரத்தத்தில் உப்புக் குறைவு என்று தேடினால் பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும்.

அவர் குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் யாரையும் தியேட்டருக்குள் விடுவதில்லை. தினமும் குடிக்கிறவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுக்கம் ஆரம்பிக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பு, பயங்கரமான பிரமை வரை போகலாம், உயிருக்கும் ஆபத்து. அப்போது மட்டும் கணக்கு தலைகீழ்: முதியவர்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய அதே வகை மருந்துதான் அதற்குச் சிகிச்சை. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மகனும் மருமகளும் பக்கத்தில் நின்றால் 'எப்பவாவது விசேஷத்துக்குத்தான் டாக்டர்' என்பார். ஆபரேஷனுக்கு முன் பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்போது, அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு நீங்கள் இருவரும் ஐந்து நிமிடம் வெளியே டீ குடித்துவிட்டு வாருங்கள்.